தாய் ஓய்வில் இருக்கிறார்

மருந்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எட்டாக மடித்த தாள் ஒன்று இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. கசக்கிக் குப்பையில் போடுவதற்கென்றே அச்சாகும் அந்தத் தாளை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை மூன்று தடவை படிப்பதுதான் கமாக்காவின் வேலை. அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஒருமுறை ஒரு கமா இடம் மாறியிருந்ததற்காக, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்த வைத்தாள். அடித்து முடித்த தாளெல்லாம் வீண். முதலாளி மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் மருந்துக் கம்பெனியிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. அந்தக் கமா அப்படியே போயிருந்தால், குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாத மருந்து குழந்தைகளுக்கான மருந்தாகியிருக்குமாம். அன்றிலிருந்து அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் கமாக்கா.

அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். பதினான்கு வருஷக் குடித்தனத்தில் அவரிடம் அவள் கண்ட ஒரே குறை, எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்பதுதான். வீட்டில் ஒருத்தி படிக்கிறாளே, போதாதா என்பார்.

அவருடைய பேருந்து தினமும் ஆறு தடவை அந்தக் கடையைத் தாண்டிப் போகும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடிக்குள் நாய்க்குட்டிகள் தெரியும். ஆறு தடவை பார்த்தால் கல்லே கரைந்துவிடும், அவர் கல்லும் இல்லை. ஒரு நாள் மகளைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டார். பதினோரு வயதுப் பெண். வீட்டுக்கு வந்து அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. தன் பழைய ஸ்வெட்டர்களைத் துவைத்து, காயவைத்து, மடித்து, அட்டைப்பெட்டி ஒன்றில் மெத்தை மாதிரி அடுக்கிக்கொண்டே இருந்தாள். அழுதிருந்தால் கமாக்கா தாக்குப்பிடித்திருப்பாள். ஸ்வெட்டரைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை மூன்று பேருமாகப் போனார்கள்.

அதைக் கடை என்று சொல்லக்கூடாது என்பது உள்ளே நுழைந்ததும் தெரிந்தது. அதன் பெயர் 'செல்லக் குடும்பம்'. அங்கே விற்பவர் இல்லை, இணைப்பாளர் உண்டு. வாங்குபவர் இல்லை, வருங்காலப் பெற்றோர் உண்டு. வீட்டுக்காரர் வெள்ளந்தியாக என்ன விலை என்று கேட்டுவிட்டார். காதில் விழக்கூடாத வார்த்தை விழுந்தது போல இணைப்பாளர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, இங்கே விலை கிடையாது, அன்புத் தொகை மட்டுமே என்று தாழ்ந்த குரலில் திருத்தினார். அன்புத் தொகையைத் தவணையிலும் கட்டலாம்.

கடை முழுக்க ரோஜா வாசனை. வாசனை கொஞ்சம் அதிகமாக இருந்தால் அதற்குக் கீழே வேறொரு வாசனை இருக்கிறது என்று அர்த்தம். கமாக்கா மூக்கைச் சுருக்கிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தாள். மகள் நேராக ஒரு பெட்டியின் முன்னால் போய் நின்றாள். பழுப்பு நிறக் குட்டி. தொண்டைக்குக் கீழே பால் சிந்தியது போல வெள்ளை. வலது காது மட்டும் நுனியில் மடிந்திருந்தது. மற்றக் குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரள, இது மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏன் இது விளையாடவில்லை என்று கமாக்கா கேட்டாள். இது சிந்திக்கிற குணமுள்ள குட்டி என்றார் இணைப்பாளர். கண்ணில் ஏன் தண்ணீர் வடிகிறது? உணர்ச்சிவசப்படும் குட்டி. விலா எலும்பு தெரிகிறதே? எளிமையாக வாழும் குட்டி.

"இதோட அம்மாவ பாக்கணுமே" என்றாள் கமாக்கா.

இணைப்பாளரின் சிரிப்பு கலையவில்லை. ஆனால் அதற்குப் பின்னாலிருந்த ஆள் எங்கேயோ எழுந்து போய்விட்டது போல இருந்தது.

"தாய் ஓய்வில் இருக்கிறார், மேடம்."

"எங்க?"

"ஓய்வில்."

அதற்கு மேல் கேட்க நேரம் தரவில்லை. கேள்வி கேட்பது குடும்பத்தின் உரிமை, பெற்றோர் தங்கள் தகுதியை நிரூபித்தால் போதும் என்று சொல்லி, உள்ளறையில் உட்கார வைத்து நாற்பத்து மூன்று கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார்கள். வீட்டில் யாராவது உரக்கத் தும்முவார்களா? ஜன்னலிலிருந்து மரம் தெரியுமா? கடந்த ஐந்தாண்டுகளில் யாருடைய மனதையாவது புண்படுத்தியதுண்டா? வீட்டுக்காரர் இந்தக் கடைசிக் கேள்வியில் பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, 'மனைவி மனதை, இரண்டு முறை' என்று எழுதினார். கமாக்கா எட்டிப் பார்த்தாள். எண்ணிக்கை குறைவாக இருந்தது. விட்டுவிட்டாள்.

தகுதி அந்த நிமிஷமே நிரூபணமாகிவிட்டது. பிறகு உறுதிமொழி. மூவரும் வரிசையாக நின்று, கம்பெனி தீனி மூட்டையின் மேல் வலது கையை வைத்து, இந்தத் தீனியைத் தவிர வேறு தீனி போடமாட்டோம் என்று சொன்னார்கள். இணைப்பாளர் மெல்லக் கைதட்டினார். அடுத்து நாற்பது பக்கக் கோப்பு வந்தது. கமாக்கா மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது வீட்டுக்காரர் நாற்பதாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குட்டி ஸ்வெட்டர் மெத்தையில் ஏறிப் படுத்தது. மகள் பக்கத்தில் தரையில் படுத்தாள். வீட்டுக்காரர் இன்னொரு பக்கம் படுத்தார். கமாக்கா மேஜை முன் உட்கார்ந்து கோப்பைப் படித்தாள்.

பன்னிரண்டாம் பக்கத்தில் வம்சாவளிச் சான்றிதழ் இருந்தது. தங்க நிறப் பூவேலை, வட்ட முத்திரை, கடல் கடந்த நாடொன்றில் கோப்பை வாங்கிய தாயின் படம். படத்திலிருந்த நாய் வெள்ளை வெளேரென்று, கம்பளி உருண்டை மாதிரி இருந்தது. அதுகூடப் போகட்டும். தாயின் பிறந்த தேதியையும் குட்டியின் பிறந்த தேதியையும் பென்சிலால் வட்டமிட்டாள். பிள்ளையைப் பெற்று நாலு வாரம் கழித்துத்தான் தாய் பிறந்திருந்தாள்.

முப்பத்தெட்டாம் பக்கத்துக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவே ஓர் அட்டை இருந்தது. தவறி விழுந்ததா, முன்கூட்டியே வைத்ததா, தெரியவில்லை. கறுப்புக் கரை போட்ட நல்ல வழவழப்பான அட்டை. 'உங்கள் குட்டியின் பிரிவில் எங்கள் கண்களும் நனைகின்றன. மாற்றுக் குட்டிக்கு ஏழு நாட்களுக்குள் அணுகவும்.' தேதிக்கு மட்டும் இடம் காலியாக விட்டிருந்தது.

கமாக்கா அந்த அட்டையை யாருக்கும் காட்டவில்லை. குட்டியிடம் போய்க் குனிந்து, மூச்சு விடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். அன்று மட்டும் ஏழு தடவை பார்த்தாள்.

மூன்றாம் நாள் குட்டி சாப்பிடவில்லை. நான்காம் நாள் காலையில் ரத்தமாகப் போனது. மகள் பள்ளிச் சீருடையோடு குட்டியை ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு மூவரையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்.

மருத்துவர் ஒல்லியான பெண், ராத்திரித் தூக்கம் இல்லாத கண். குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். கோப்பில் ஒன்பது வாரம் என்று இருந்தது. "அஞ்சு வாரம்கூட முழுசா ஆகல" என்றார். "இன்னும் பால் குடிச்சிட்டு இருக்கணும் இது." இந்த வாரத்தில் இது நாலாவது குட்டியாம். எந்தக் கடை என்று அவர் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. சுவரைக் கண்ணால் காட்டினார். அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்தது ஒரு வக்கீல் நோட்டீஸ். அந்தக் கடையின் பெயரை இந்த அறைக்குள் உச்சரித்தால் நஷ்டஈடு கேட்போம் என்று அதில் எழுதியிருந்தது. கடையின் பெயர் இருக்கும் இடத்தில் மருத்துவர் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார், சட்டத்தை மதிப்பவர்.

குட்டிக்குக் குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். பிழைக்குமா என்று மகள் கேட்டாள். மருத்துவர் அவள் தலையைத் தடவினார். அந்தத் தடவல் கமாக்காவுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மதியம் அச்சகத்தில் அரைநாள் விடுப்பு வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள். சண்டை போடப் போகவில்லை. சான்றிதழில் பிழை இருக்கிறது, திருத்தித் தாருங்கள் என்றுதான் கேட்டாள். அங்கே அதற்கு ஒருவர் இருந்தார், பதவிப் பெயர் குடும்பத் தலைவர். சாம்பல் நிறக் கோட்டு, கோட்டில் நாய்க்கால் தடம் பொறித்த வில்லை. உயர்ந்த இனங்களில் தேதிகள் இப்படி முன்பின்னாக வருவது சகஜம் என்று விளக்கினார். பிறகு பெருந்தன்மையாக, அப்போதே புதிய சான்றிதழ் அடித்துக் கொடுக்கச் சொன்னார். புதிதில் தாய் உரிய காலத்தில் பிறந்திருந்தாள். 'பாலினம்' என்ற இடத்தில் 'ஆண்' என்று இருந்தது.

கமாக்கா அதையும் வட்டமிட்டு நீட்டினாள். பிறகு கறுப்புக் கரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

குடும்பத் தலைவரின் முகத்தில் முதன்முதலாக ஒரு வருத்தம் தெரிந்தது. அட்டையின் மூலை மடங்கியிருந்தது.

"நீங்க இத தப்பா எடுத்துக்கறீங்க, மேடம். இருபது குட்டி வந்தா நாலு தங்காது. அது எங்களுக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சும் அட்டை அடிக்காம இருந்தா, அது எவ்ளோ கல்நெஞ்சு? துக்கத்துல இருக்கற குடும்பத்த ரெண்டு நாள் காக்க வைக்கறதா? அதனாலதான் கோப்புலயே வச்சிடறோம். வேற எந்தக் கடையும்... வேற எந்தக் குடும்பமும் இவ்ளோ யோசிக்காது."

அந்தக் குட்டியை இப்போதே திருப்பிக் கொண்டுவந்தால் இன்றைக்கே வேறு குட்டி தருவதாகச் சொன்னார். அதிக சுறுசுறுப்பானது.

"திருப்பிக் குடுத்தா அத என்ன பண்ணுவீங்க?"

"நடைமுறைக்கு அனுப்புவோம்."

"நடைமுறைன்னா?"

"அது நடைமுறை, மேடம்."

"சரி. அதோட அம்மா எங்க?"

குடும்பத் தலைவர் எழுந்து நின்றார். தாய் ஓய்வில் இருக்கிறார் என்றார். அப்படிச் சொல்லும்போது கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

புகார் எங்கே கொடுப்பது என்று கடை வாசலில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. பொடி எழுத்து கமாக்காவுக்குத் தாய்மொழி. செல்லப்பிராணி வணிக நலத் துறை, இரண்டாம் மாடி. மறுநாள் போனாள்.

அங்கே நல ஆய்வாளர் ஒருவர் தனியாக உட்கார்ந்து கோப்புகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். துறையின் பெயரிலுள்ள நலம் யாருடைய நலம் என்று கமாக்கா கேட்டாள். பெயரிலேயே இருக்கிறதே, வணிக நலம் என்றார். தாய் நாய்களை யார் போய்ப் பார்ப்பது என்று கேட்டாள்.

"நேர்ல போறத நிறுத்தி ஏழு வருஷம் ஆச்சும்மா" என்றார் அவர், பெருமையாக. "நாங்க போனா நாய்ங்க பதறுதுங்க. மனசு கஷ்டமா இருந்துச்சு. அதனால நாய்ங்க நலன உத்தேசிச்சு, கம்பெனியே படம் எடுத்து அனுப்பிடணும்னு விதிய மாத்திட்டோம். இப்ப ஒரு நாயும் பதறல. எங்ககிட்ட ஒரு புகாரும் இல்ல. புகார் குடுக்கணும்னா கடைக்காரங்க கையெழுத்து வாங்கிட்டு வரணும், ஒருத்தரும் வாங்கிட்டு வந்ததில்ல."

அவர் பேசிக்கொண்டிருக்க, கமாக்கா மேஜை மேலிருந்த கோப்பைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். தலைகீழ், கண்ணாடி பிம்பம், மங்கல் மசி, எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். செல்லக் குடும்பம் நிறுவனத்துக்கு இரண்டு இடங்களுக்கு உரிமம் இருந்தது. ஒன்று கடை. மற்றது ஊருக்கு வெளியே ஒரு மெத்தைக் கிடங்கு. நாய்களுக்கான மெத்தை. நாய்கள்: இல்லை. தாய்கள் எல்லாம் வெளிநாட்டில். அடுத்த தாளில் கிடங்கின் மாதக் கொள்முதல்: தீனி, எண்பது மூட்டை.

"மெத்தைக் கிடங்குக்கு எதுக்குங்க எண்பது மூட்டை தீனி?"

ஆய்வாளர் கோப்பைத் தன் பக்கம் இழுத்து, முதன்முறையாக அந்த வரியைப் பார்த்தார். சற்று யோசித்தார். "மெத்தைக்குள்ள அடைப்பாங்களா இருக்கும்" என்றார்.

மெத்தைக் கிடங்கை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டுமாம், தீப்பிடிக்கும் பொருள் என்பதால். பார்வையிடும் நாள் நாளைக்கு என்று நாட்காட்டியில் குறித்திருந்தது. அறிக்கையில் பொதுமக்கள் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக அலுவலகக் காவலாளி போடுவார், அவருக்குப் பல்வலி. ஆய்வாளர் அந்தச் சங்கடத்தைச் சொன்னபோது, கமாக்கா தானே வருவதாகச் சொன்னாள். ஒரு கையெழுத்துத்தானே, நல்லது என்றார் அவர். சாட்சிக்கான படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். ஆய்வாளர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் படிவத்தைப் படிக்கக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

படிவத்தின் பின்பக்கத்தில் பதினேழு விதிகள் இருந்தன. ஒன்பதாவது விதிக்குக் கீழே கோடு போட்டாள்.

மறுநாள் காலை அலுவலகக் கார் அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோனது. உயரமான மதில், தகரக் கதவு. வாசலில் காவல்காரர், அவர் முன்னால் நீளமான பதிவேடு. கிடங்கு மேலாளர் வெளியே வந்து, இருவரையும் குளிர்சாதனம் போட்ட முன்னறைக்குள் அழைத்துப் போனார். அறையில் உண்மையிலேயே மெத்தைகள் இருந்தன. வட்டமாக, சதுரமாக, எலும்பு வடிவத்தில். ஆய்வாளர் ஒன்றை அமுக்கிப் பார்த்து, 'மென்மை திருப்தி' என்று எழுதினார்.

பின்பக்கத்திலிருந்து குரைப்புச் சத்தம் வந்தது. பத்து இருபது இல்லை, நூறு நாய்களின் சத்தம்.

"திருடன் வராம இருக்க பதிவு பண்ணி ஓட விடறோம், சார்" என்றார் மேலாளர்.

ஆய்வாளர் எழுதினார்: 'ஒலிபெருக்கி நல்ல நிலையில் உள்ளது.'

காற்று திரும்பியபோது ஒரு நாற்றம் உள்ளே வந்து மூவரையும் அடித்தது. மெத்தை ஒட்டும் பசை என்றார் மேலாளர். ஆய்வாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு மறுகையால் எழுதினார்: 'பசை வீரியமானது.'

கமாக்கா படிவத்தைத் திருப்பி இருவருக்கும் காட்டினாள். விதி ஒன்பது: சாட்சி, வளாகத்தின் எந்தப் பகுதியையும் தனியே பார்வையிடலாம். மேலாளர் அது ரொம்பப் பழைய விதி என்றார். ஆய்வாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, விதி விதிதானே என்று முனகினார். மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கமாக்கா பின்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

நீளமான தகரக் கொட்டகை. இரண்டு பக்கமும் மூன்றடுக்காகக் கம்பிக் கூண்டுகள். கூண்டின் தரையும் கம்பிதான். மேல் கூண்டிலிருந்து விழுவதெல்லாம் கீழ்க் கூண்டின் மேல் விழும். அவள் நுழைந்ததும் சத்தம் ஒரேயடியாக நின்றது. குரைத்துக்கொண்டிருந்தவையெல்லாம் அவளையே பார்த்தன. அந்தப் பார்வையில் ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. இவள் எதை எடுத்துப்போக வந்திருக்கிறாள் என்கிற சந்தேகம் மட்டும் இருந்தது.

ரப்பர் பூட்ஸ் போட்ட பெண் ஒருத்தி குழாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். கமாக்கா அவளிடம் குட்டியின் அடையாளத்தைச் சொன்னாள். தொண்டையில் வெள்ளை, மடிந்த காது. அந்தப் பெண் குழாயை மூடினாள்.

"அறுபத்தி ஒண்ணு" என்றாள். "ஒம்பதாவது ஈத்து. இந்தத் தடவ ஆறு போட்டா. அஞ்சாவது வாரமே எடுத்துட்டாங்க. இனிமே உதவாதுன்னு எழுதிட்டாங்க, வர்ற திங்கக்கிழம வண்டி வரும்."

"வண்டி எங்க போகும்?"

அந்தப் பெண் மறுபடி குழாயைத் திறந்தாள்.

அறுபத்தொன்றாம் எண் நடுவடுக்கில் இருந்தது. பழுப்பு நிற முடி பாதி உதிர்ந்திருந்தது. தொண்டையில் வெள்ளை அழுக்கேறிக் கிடந்தது. மடிந்த காது அப்படியே குட்டியின் காது. முலைகள் தொங்கித் தரைக்கம்பியில் உரசிப் புண்ணாகியிருந்தன. சுருண்டு படுத்தபடி தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பியது. கமாக்கா கம்பிக்குள் விரலை விட்டாள். நாய் விரலை முகரவில்லை. விரல் என்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டே இருந்தது.

கமாக்கா முன்னறைக்குத் திரும்பினாள். மேலாளர் முகம் வெளிறி நின்றார். ஆய்வாளர் அவளை நிமிர்ந்து பார்க்காமல், எல்லாம் பார்த்தாயிற்றா, மெத்தைகள் நன்றாக இருக்கின்றனவா என்று கேட்டார்.

நன்றாக இருக்கின்றன என்றாள் கமாக்கா. மேலாளரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அறிக்கையை வாங்கி மூன்று தடவை படித்தாள். 'நாய்கள்: இல்லை' என்ற இடத்தில் 'இல்லை' என்பதை 'இல்ளை' என்று எழுதியிருந்தது. அதைத் திருத்தினாள். ஓர் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தாள்.

"இந்த எடத்துல நாயே இல்லைன்னு தெளிவா ஒரு வரி சேத்துடுங்க சார். நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாதுல்ல."

மேலாளருக்கு அவள்மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. அவரே சொல்லச் சொல்ல ஆய்வாளர் எழுதினார்: 'இவ்வளாகத்தில் இன்று ஒரு நாயும் இல்லை, என்றும் இருந்ததில்லை.' மேலாளர் கையெழுத்துப் போட்டார். ஆய்வாளர் போட்டார். கமாக்கா போட்டாள். முத்திரை குத்திய பிரதியொன்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், விதி பதினொன்று.

பிறகு பின்கதவு வழியாகப் போய், அறுபத்தொன்றாம் கூண்டின் கொக்கியைக் கழற்றி, நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரப்பர் பூட்ஸ் பெண் சுவரைப் பார்த்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். நாய் கனக்கவே இல்லை. கமாக்காவுக்கு இரண்டு கைதான் இருந்தன, ஒன்றைத்தான் தூக்க முடிந்தது. இரண்டு பக்கமும் பார்க்காமல் நடந்தாள்.

முற்றத்தில் மேலாளர் குறுக்கே வந்து நின்றார். "அந்த நாய எங்க கொண்டுபோறீங்க?"

"எந்த நாய?" என்றாள் கமாக்கா.

மேலாளர் வாயைத் திறந்தார், ஆய்வாளரைப் பார்த்தார், ஆய்வாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். ஆய்வாளர் மதிலின் உயரத்தை அளப்பவர் போல வானத்தைப் பார்த்தார்.

வாசலில் காவல்காரர் விடவில்லை. சீட்டில்லாமல் எதுவும் வெளியே போகக்கூடாது. மேலாளரைக் கேட்டார், மேலாளர் சீட்டு எழுத முடியாமல் நெளிந்தார். பதிவேட்டில் மெத்தைக்கு மட்டுமே பத்தி இருந்தது. காவல்காரர் நாயைப் பார்த்தார். நாய் காவல்காரரைப் பார்த்தது. நெடுநேரம் யோசித்துவிட்டு, 'மெத்தை – 1, பழையது' என்று எழுதிக் கதவைத் திறந்துவிட்டார்.

காரில் ஆய்வாளர் ஒரு ஓரம், கமாக்கா ஒரு ஓரம், நாய் நடுவில். வழி நெடுக அவர் ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் நாய் அவர் ஷூவின் மேல் வாந்தியெடுத்தது. அவர் கைக்குட்டையை எடுத்து, குனிந்து, பொறுமையாகத் துடைத்தார். மழை வரும் போலிருக்கிறது என்றார்.

மருத்துவர் நாயைப் பரிசோதித்து முடித்தார். பிறகு அந்த அறிக்கைப் பிரதியை வாங்கிப் படித்தார். கடைசி வரியில் நின்றார். திரும்பப் படித்தார். இதை ஒரு நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வண்டி வரவேண்டிய திங்கட்கிழமைக்கு முதல் நாள், பகல் பதினொரு மணிக்கு, மருத்துவர் திரட்டிய பதினேழு பேர் நாலு வேன்களில் அந்தத் தகரக் கதவுக்கு முன்னால் போய் இறங்கினார்கள். எல்லோர் கையிலும் அறிக்கையின் நகல் இருந்தது. இல்லாத நாய்களை எடுத்துப்போக வந்திருப்பதாகச் சொன்னார்கள். மேலாளர் போலீஸுக்குப் போன் செய்தார். போலீஸ்காரர் என்ன திருட்டு என்று கேட்டார். மெத்தை என்றார் மேலாளர். போலீஸ்காரர் உள்ளே போய்ப் பார்த்தார். மெத்தைகள் ஒன்றுகூடக் குறையவில்லை. பின்பக்கம் போகவேண்டுமா என்று கேட்டார். மேலாளர் வேண்டாம் என்றார். சாயங்காலத்துக்குள் பதிவேட்டில் மெத்தை நூற்று முப்பத்தெட்டு என்று ஏறியிருந்தது. ரப்பர் பூட்ஸ் பெண் கடைசி வேனில் ஏறிப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை.

நலத் துறை அந்த அறிக்கையைக் கோப்பில் கட்டி வைத்தது. ஏழு வருஷத்தில் அந்தக் கோப்பிலேயே பொய் இல்லாத வாக்கியம் 'நாய்கள்: இல்லை' ஒன்றுதான், அதுவும் இரண்டு நாள் தாமதமாக. அந்த ஆண்டு சிறந்த கிடங்குக்கான பாராட்டுப் பத்திரம் செல்லக் குடும்பத்துக்குப் போனது. வாங்க ஆள் வரவில்லை. கடைக் கண்ணாடியில் உள்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. ஒரு மாதம் கழித்து அதே கண்ணாடியில் 'பாசக் கூடு, விரைவில்' என்று எழுதியிருந்ததாக வீட்டுக்காரர் வந்து சொன்னார். ஆறு தடவை பார்த்தேன், ஆறு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்றார். கமாக்கா மறுநாளே அங்கே இறங்கி, கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு வந்தாள். குறித்தும் வைத்துக்கொண்டாள்.

குட்டி பிழைத்துக்கொண்டது. மருத்துவரிடம் சேர்த்த பதினோராம் நாள் மகள் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தாய் நாய் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. தாயும் பிள்ளையும் பார்த்ததும் கட்டிக்கொள்ளும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. தாய் குட்டியை ஒரு தடவை முகர்ந்தது. எழுந்துபோய்ச் சுவரோரம் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டது. இதையும் யாராவது எடுத்துப்போகத்தானே போகிறார்கள் என்று நினைத்திருக்கும். மகளுக்கு முகம் வாடிவிட்டது. வீட்டுக்காரர் அவளிடம், அது நம்மள நம்ப நாள் ஆகும் என்றார்.

"நம்பாம இருக்கறது நல்லதுதான்" என்றாள் கமாக்கா. "பாத்துட்டு நம்பட்டும்."

வந்த நாளிலிருந்து நாய் சுருண்டேதான் படுத்தது. கூடம் முழுக்க இடமிருந்தும், கூண்டின் அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டு, அதற்குள்ளேயே திரும்பிப் படுத்தது. மூன்றாம் வாரம் ஒரு விடுமுறை நாள். மத்தியானம். மகளும் குட்டியும் வாசலில் இருந்தார்கள். கமாக்கா மேஜையில் இருமல் மருந்துத் தாளொன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணில் என்னவோ அசைந்தது.

தூங்கிக்கொண்டிருந்த நாய் பின்னங்கால் ஒன்றை மெல்ல நீட்டியது. ஒரு சாண் நீட்டி நிறுத்தியது. கண்ணைத் திறந்து காலைப் பார்த்தது. கம்பி இடிக்க வேண்டிய இடம் அதுதான். இடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டியது. நிறுத்தியது. காத்திருந்தது. பிறகு காலை முழுசாக நீட்டிவிட்டு, கமாக்காவைத் திரும்பிப் பார்த்தது.

கமாக்கா அசையவில்லை. படித்துக்கொண்டிருந்த வரியில் விரலை வைத்தபடி, அடுத்த காலுக்காகக் காத்திருந்தாள்.